கடைசித் தரிப்பிடம் வரை

மடியில் மடித்து வைத்திருக்கும் நேற்றைய சேலையில் இன்னும் பிரேக் கருகிய வாடை. நீங்கள் போய் இத்தனை வருடமாகியும், உங்கள் நினைவு வருவதற்கு இதைவிட நல்ல வாசனை கிடைக்கவில்லை, பாருங்கள்.

நேற்று மாலை ரத்தோட்டையில் பஸ்ஸை நிறுத்திய டிரைவர், "இதோட சரி, எல்லாரும் இறங்குங்க" என்றான். மலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போக ஒருத்திதான் மிச்சம். தையல் தொழிற்சாலையில் வேலை முடித்து வருகிற பிள்ளை. என் வீடு அங்கிருந்தே தெரிந்தது. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. எல்லாம் உங்களால்.

தனியார் பஸ்களின் பெர்மிட்டைச் சோதிக்கும் உத்தியோகம் உங்களுக்கு. வேலை முடிந்தாலாவது அதைக் கழற்றி வைத்தீர்களா? கல்யாண வீட்டிலிருந்து நாம் திரும்பிய அந்த மாலையிலும் இதே இடம், இதே கதை. மழையில் நனைந்த பட்டுச்சேலையோடு நான் இறங்கப் போனேன். பின் ஆசனத்தில் காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஒரு தோட்டத்துப் பெண்.

"ஒரு ஆளுக்காக மல ஏற முடியுமா சார்? இருட்டினா செக்பாயிண்டுல வேற கரச்சல்" என்றான் அன்றைய டிரைவர்.

"பெர்மிட் எதுவரைக்கும்?" என்று கேட்டீர்கள்.

"கடைசித் தரிப்பிடம் வரைக்கும்தான்..."

"அப்ப ஓட்டு. நாங்களும் வர்றோம்."

நாங்களும்! என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? நாம் இறங்கினால் அடுத்த வளைவிலேயே அவளை இறக்கிவிடுவான், இருட்டில் பிள்ளையோடு தனியாகச் சோதனைச்சாவடியைக் கடக்க வேண்டியிருக்கும் என்றீர்கள். அது நியாயம்தான். மலை உச்சியில் அவள் இறங்கியதும், "இனித் திரும்பலாம்" என்றீர்கள். டிரைவர் சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"பெர்மிட்டுப்படி ராவைக்கு பஸ் இங்கதான் நிக்கணும் சார். திருப்பினா நீங்களே கேஸ் போட்டுருவீங்க."

நீங்கள் கோபப்படவில்லை. "சரியாத்தான் சொல்றான்" என்று மெச்சினீர்கள்! பாவம், அந்தப் பெண்தான், "வாங்கம்மா, நம்ம லயத்து வீட்டுல படுத்துக்கலாம்" என்று கூட்டிப் போனாள். ஈரப் பட்டோடு நான் விடியும்வரை நடுங்கினேன். நீங்கள் குறட்டை விட்டீர்கள்.

நேற்று என் வாயிலும் அதே கேள்வி வந்துவிட்டது.

"பெர்மிட் எதுவரைக்கும் தம்பி?"

"அது எதுக்கு அம்மாவுக்கு? உங்க வீடுதான் வந்துருச்சில்ல?"

"கடைசித் தரிப்பிடம் வரல்ல. ஓட்டு."

முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். அந்தப் பிள்ளையின் வீட்டில் படுத்தெழுந்து, காலை பஸ் கிளம்பும்வரை அதற்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் ஒருநாளும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஈரப் பட்டுக்குப் பிறகு, பையில் மாற்றுச்சேலை இல்லாமல் நான் பஸ் ஏறியதே இல்லை. இப்போது அதைத்தான் உடுத்தியிருக்கிறேன்.