பூச்சி காட்டிய மாப்பிள்ளைக்கு

பெருமாநல்லூர்,
மாசிக் கடைசி வெள்ளி.

கோத்தகிரி திரு. பிரபாகர் அவர்களுக்கு, பெண் வீட்டுத் தரப்பிலிருந்து மகுடேஸ்வரன் எழுதிக்கொள்வது.

முதற்கண் ஒரு முக்கிய அறிவிப்பு. இன்று காலை எங்கள் வீட்டுக் காபியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பு விழுந்தது. போட்டவள் என் அக்கா இந்துமதி. முழு டம்ளரையும் குடித்தவர் என் அப்பா அய்யாசாமி. இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பத்திரிகைகள் இதை மறைத்துவிட்டதால் நானே தெரிவிக்கிறேன்.

உங்கள் எண்ணை வீட்டில் எல்லாப் போனிலும் பிளாக் செய்தாயிற்று. அதனால்தான் கடிதம். நலமா என்று கேட்கமாட்டேன். நலம் என்று தெரிந்தால் எனக்கு வயிறு எரியும்.

மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் வீட்டைக் காட்டுவார்கள். பூச்சி காட்டிய ஒரே மாப்பிள்ளை நீங்கள். வேன் நின்றதும் உள்ளே கூடக் கூப்பிடாமல் எங்களைத் தேயிலைச் சரிவுக்கு ஓட்டிப் போனீர்கள். பனி விலகி வெயில் ஏறினால் மஞ்சள் பட்டாம்பூச்சி எழும் என்றீர்கள். எழுந்தது ஒன்று. விழுந்தது எங்கள் பெரியப்பா சுப்பண்ணன். "ஏனுங்க மாப்பிள்ளை, இதுக்கு ரெண்டு பவுன் சேத்திக் கேட்டிருக்கலாமுங்களே" என்று முட்டியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. தட்டில் வைத்த முறுக்கைவிட மாப்பிள்ளை முறுக்குத்தான் கெட்டி.

வீட்டுக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்டி, ராத்திரி விளக்குப் போட்டு அந்துப்பூச்சிகளை வரவழைத்திருந்தீர்கள். விடிந்தும் நிழலில் அவை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் வால் நீண்ட பச்சை ஒன்று, என் உள்ளங்கையைவிடப் பெரியது. இந்த வருடம் கூடு உடைத்த முதல் பச்சை, அதற்கு வாயே கிடையாது, ஒரு வாரம்தான் உயிர், எண்ணி முடிக்கும்வரை தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்க உள்ளே போனீர்கள்.

பனியன் கம்பெனிக்காரரிடம் துணியைக் காட்டித் தொடாதே என்றால் நடக்குமா? அப்பா ஓரத்தை விரலால் உருட்டினார். துணியின் எடையைத் தொட்டே சொல்லுவார். "நூத்தெம்பது ஜி.எஸ்.எம். வருமாட்ட இருக்குது" என்றார். அடுத்த நொடி துணி குலுங்கிப் பூச்சியெல்லாம் கிளம்பின. பச்சையைக் கரிச்சான் குருவி ஒன்று அந்தரத்திலேயே கவ்வியது. தட்டோடு வந்த நீங்கள் அப்பாவைப் பார்த்துக் கத்தினீர்கள்: "கண்ணு தெரியலீங்களா? எதப் பாத்தாலும் உங்களுக்குச் சரக்குத்தானுங்களா?"

'ங்க' போட்டுத் திட்டினால் வலி குறைந்துவிடும் என்று யார் சொன்னது? கம்பெனிக்குள் நுழைந்தால் மெஷினை நிறுத்தி எழுந்து நிற்பார்கள் அவருக்கு. அவர் அவிழ்ந்துபோன துணி முனையைத் திரும்பக் கட்டிவிட்டு, காபி குடிக்காமல் வேனில் ஏறினார். சம்பந்தம் அதோடு முடிந்தது.

வேனில் முழங்கியது நான்தான். "அந்தப் பூச்சியாண்டி ஊட்டுக்கு அக்காளக் குடுத்தீங்கன்னா நான் இந்த ஊர்லயே இருக்கமாட்டேன்" என்றேன். பெரியப்பா சிங்கக்குட்டி என்று முதுகில் தட்டினார். அப்பா மட்டும் திரும்பிப் பார்த்து, "கண்ணு, கண்ணாடிய ஏத்தி உடு, குளுருது" என்றார்.

நீங்கள் அனுப்பிய பட்டாம்பூச்சிப் படங்களை அழித்துவிடச் சொன்னாள் அம்மா. அழித்துவிட்டேன் என்றாள் அக்கா. பொய். எல்லாம் இருக்கிறது, பார்த்தேன்.

சரி. துணியை உதறியது அப்பா இல்லீங்க. எதிர்முனையில் நின்ற நான். பூச்சியெல்லாம் பெரியப்பா தலையில் விழும், வீடியோ எடுக்கலாம் என்று உதறினேன். அப்பா பார்த்தார். நீங்கள் கத்தும்போது என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. சிங்கக்குட்டியும்தான் திறக்கவில்லை.

கரிச்சான் கீழே போட்ட பச்சை இறக்கை ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். இத்துடன் அனுப்புகிறேன். கொஞ்சம் பொடி உதிர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, அப்பா வீட்டில்தான் இருப்பார். வந்து, கத்தியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதற்கு முன்னால் வாசலில் வைத்தே நான் உங்களிடம் கேட்டுவிடுகிறேன். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை. கேட்டிலிருந்து கொஞ்சம் மெதுவாக நடந்து வாருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் குறையாத
மகுடேஸ்வரன்