மிச்சமிருக்கிற ஒரு காது

பிரியமுள்ள சம்பந்தி,

உங்கள் சர்ச் ஆட்கள் கடிதம் எழுதுகிற மாதிரியே ‘பிரியமுள்ள’ என்று தொடங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் ‘அன்புள்ள’தான் வழக்கம். நீங்கள் போன பிறகு உங்கள் வழக்கம் ஒவ்வொன்றாக என்னிடம் வந்து ஒட்டிக்கொள்கிறது. போகட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது சம்பந்தி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்ல? என் வீட்டுக்காரி பூரணத்திடம் சொன்னால் அவள் என்னைவிட அதிகமாகப் பயப்படுவாள். மகனிடம் சொன்னால், "டென்ஷன் ஆகாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு கல்யாண் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவான்.

என் இடது காது போய்விட்டது.

மந்தமாகிவிட்டது என்று சொல்லவில்லை. போயே போய்விட்டது. மழை முடிந்த சமயம், ஒரு காலையில் எழுந்தேன். தலையணையை விட்டுத் தலையைத் தூக்கிய பிறகும் அந்தப் பக்கம் தலையணை அழுத்திக்கொண்டே இருப்பது போல இருந்தது. வெளிச் சத்தம் ஒன்றும் இல்லை. உள்ளே மட்டும் ஓர் இரைச்சல், விசில் வருவதற்கு முன்னால் குக்கர் சீறுமே, அது மாதிரி. பூரணம் காதை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "அழுக்கு அடைச்சிருக்கு. நல்லெண்ணெயில பூண்டத் தட்டிப் போட்டுக் காய்ச்சி ரெண்டு சொட்டு விட்டா சரியாப் போயிரும்" என்றாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தலை வலித்தால் எண்ணெய், வயிறு வலித்தால் எண்ணெய், பிள்ளை அழுதால் எண்ணெய் என்று வளர்ந்த கூட்டம் நாம். தினமும் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அவள் விட விட, நானும் காட்டிக்கொண்டே கிடந்தேன். சட்டைக் காலரெல்லாம் பூண்டு வாசனை. உங்கள் மகள் ஜெபாதான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "அரே மாமா, இது என்ன காதா, பணியாரச் சட்டியா? கிளம்புங்க" என்று சயான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் இந்தியில் திட்டினார். இது நரம்பு சம்பந்தப்பட்டதாம், கேட்காமல் போன அன்றே ஓடி வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாமாம், எண்ணெய் விட்டே அந்த நாட்களைக் கடத்திவிட்டோமாம். பிறகு ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பயத்தில் கேட்காததற்கும் அழுத்திவிட்டேன். வெளியே இருந்த பெண் கதவைத் திறந்து, "அங்கிள், நான் இன்னும் சத்தமே கொடுக்கலை" என்றாள். இந்த வயதில் பரீட்சையில் மாட்டிக்கொண்டேன் பாருங்கள்.

வலது காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார் டாக்டர். சத்தமான இடங்களுக்குப் போகக் கூடாதாம். வீடு எங்கே என்று கேட்டார். தாராவி என்றேன். மனுஷன் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நீங்கள் என்னை இந்தப் பாட்டுக் கிளப் பழக்கத்தில் இழுத்துவிட்ட நாளை நினைத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் கல்யாணத்தின்போது கோயிலா சர்ச்சா என்று நாம் போட்ட சண்டைக்குப் பிறகு, எத்தனையோ வருஷம் நமக்குள் ‘சௌக்கியமா, சாப்பிட்டாச்சா’ தவிர ஒரு பேச்சு கிடையாது. நான் ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்தும் நீங்கள் பஸ் டிப்போ ஆபீஸில் இருந்தும் ரிடையர் ஆகி, ரெண்டு பேரும் வீட்டில் இடைஞ்சலாகிப் போன காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செம்பூரிலிருந்து கிளம்பி வந்து வாசலில் நின்றீர்கள். "சம்பந்தி, ஒரு எடத்துக்குப் போய்ட்டு வருவமா? வீட்டுல கேட்டா பார்க்குக்கு நடக்கப் போறோம்னு சொல்லுங்க" என்றீர்கள். சபை மூப்பர், பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர், பொய் சொல்லச் சொல்கிறாரே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

செம்பூர் ஸ்டேஷன் பக்கம், சாப்பாட்டுக் கடைக்கு மேலே, அந்த இடுக்குப் படி. உள்ளே போனால் நம் வீட்டு ஹாலைவிடக் கொஞ்சம் பெரிய இடம். கிளப் என்றதும் நான் என்னென்னவோ பயந்துவிட்டேன். எல்லாம் அக்கம்பக்கத்து ஆட்கள்தான். பகலில் கணக்கு எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாக்ஸபோன் ஊதுகிற ஒரு மனுஷன். நம் தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பையன்கள் தமிழும் இந்தியுமாகக் கலந்து, பாடுகிறார்களா திட்டுகிறார்களா என்று தெரியாமல் ஒரு பாட்டு. மான்குர்த்திலிருந்து கீபோர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பாடுகிற அந்தப் பெண்பிள்ளை. நாம் ரெண்டு பேரும் லைம் சோடா. படியிறங்கியதும் நீங்கள் புதினா மிட்டாய் வாங்கி எனக்கு ஒன்று தந்தீர்கள். "நாமதான் குடிக்கலையே" என்றேன். "வாய் நாறலைன்னாலும் சட்டை நாறுதுலா? ஒரு பாதுகாப்புக்கு" என்றீர்கள். மூப்பருக்கு எவ்வளவு முன்யோசனை!

காலமெல்லாம் இரும்பைத் தட்டுகிற சத்தத்தில் வேலை பார்த்தவன் நான். சத்தம் என்றால் தப்பித்து ஓட வேண்டிய ஒன்று என்றுதான் எனக்குத் தெரியும். ஆசைப்பட்டு உட்கார்ந்து கேட்க வேண்டியது என்று சொல்லித் தந்தவர் நீங்கள். "மொத்தப் பாட்டையும் வளைச்சுப் பிடிக்கப் பாக்காதீங்க சம்பந்தி. பாட்டுக்கு ஒரு வாத்தியம். இந்தப் பாட்டுக்கு அந்த பேஸ் கிட்டார மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போங்க" என்பீர்கள். அப்படிப் பிடித்துக்கொண்டு போனால், கூட்டத்துக்குள் ஒரே ஒரு ஆள் பின்னால் நடந்து போகிற மாதிரி இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

உங்கள் நெஞ்சு ஒரு காலையில் நின்றுபோன பிறகும் நான் தனியாகப் போய்க்கொண்டுதான் இருந்தேன். போன வாரம், காது போன பிறகு முதல் தடவையாக, டாக்டர் சொன்னதையும் மீறிப் போனேன்.

சம்பந்தி, எனக்குப் பிடிபடவே இல்லை. சாக்ஸபோன், டிரம், பிள்ளையின் குரல் எல்லாம் ஒன்றாகக் குழைத்துக் கொட்டிய மாதிரி வந்தது. எதைப் பிடிப்பது, எதன் பின்னால் போவது? பாட்டு முடிந்து கீபோர்டுப் பிள்ளை என் இடது பக்கம் வந்து நின்று என்னவோ பேசியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டதும் பதறி எழுந்ததில் சோடா அவள் மேலேயே கொட்டிவிட்டது. பாவம், அவள்தான் மன்னிப்புக் கேட்டாள். அடுத்த பாட்டுக்கு டிரம் ஆரம்பித்தபோது வலது காதிலும் லேசாக ஓர் இரைச்சல். அவ்வளவுதான், உயிர் போய்விட்டது எனக்கு. இதுவும் போகப்போகிறது என்றே நினைத்தேன். காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடி வந்துவிட்டேன்.

ரோட்டில் அதைவிட மோசம். ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. ஹாரன் கேட்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்திலிருந்து பைக் உரசிக்கொண்டு போகிறது. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ ஒரு மராத்திக்கார அம்மாள் கையைப் பிடித்துத் தாண்டிவிட்டாள். இந்த ஊரில் இத்தனை வருஷமாக ரோடு தாண்டுகிறவன், கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்த்ததும் ஜெபா பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், நம் பார்க் நடையையும் சேர்த்து.

"அப்பாவா? கிளப்புக்கா? எங்கப்பாவா?" என்று அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை ரேடியோ வைத்தால் சத்தம் போடுவீர்களாமே! சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழுதுவிட்டாள்.

"போகாதீங்க மாமா. பாட்டு எப்பவும் இருக்கும். அப்பா போயாச்சு. நான் பேசறத ஆற அமர உக்காந்து கேக்கறது இந்த வீட்டுல நீங்க ஒரு ஆள்தான். அந்தக் காதையும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தா நான் யார்ட்ட பேசறது?"

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உங்கள் பாட்டா, உங்கள் மகளா என்று என்னை நடுவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டீர்கள். ரெண்டு நாள் வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவளே டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறாள். காதுக்கு ரப்பர் அடைப்பான் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி, கடைசி வரிசையில், கொஞ்ச நேரம் மட்டும் என்றால் பரவாயில்லை, வலித்தால் உடனே எழுந்துவிட வேண்டும் என்றாராம். "நானும் வருவேன். உங்க லெஃப்ட் சைடுல உக்காருவேன். ரோடு தாண்டறது என் டிபார்ட்மென்ட்" என்றாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஆனால் ஒரு நிபந்தனை. தினமும் காலையில் எனக்கு ஒரு பரீட்சை. சுவரைப் பார்த்து நான் உட்கார வேண்டும். அவள் பின்னால் நின்று மெதுவாக ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் கிளப் கிடையாது. எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட இப்படி உள்ளங்கை வேர்த்ததில்லை.

இன்றைக்குக் காலையில் காய்கறியில் ஆரம்பித்தாள். வெண்டைக்காய் என்றாள், சொன்னேன். முருங்கைக்காய், சொன்னேன். பிறகு ஸ்டேஷன் பெயர்கள். குர்லா, செம்பூர், கோவண்டி, மான்குர்த், எல்லாம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். வரவில்லை. அவள் பேசவில்லையா, பேசி எனக்குக் கேட்கவில்லையா? திரும்பிப் பார்க்கவும் கூடாது. இதோ, இதுவும் போயிற்று என்று நினைத்தேன். இனிமேல் இந்தச் சுவர்தான், இந்த அமைதிதான் என்று தோன்றிவிட்டது.

அப்போது ரொம்ப மெதுவாக, "அப்பா" என்றாள்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவாள். உங்களை நினைத்து வாய் தவறிச் சொன்னாளா, என்னைக் கூப்பிட்டாளா, எனக்கு இன்னும் தெரியாது. திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் பரீட்சை. அதை எப்படி நான் திருப்பிச் சொல்வேன்? நான் சும்மா இருப்பதைப் பார்த்து அவள் பயந்துபோய் முன்னால் ஓடி வந்தாள். என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "மாமா, கேக்கலையா? நிஜமாவே கேக்கலையா?" என்றாள்.

"கேட்டுச்சு தாயி" என்றேன்.

நாளைக்குப் போகிறோம். பயம் போகவில்லை, போகும் என்று சொல்லி உங்களை ஏமாற்றவும் மாட்டேன். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் காதை நான் பாட்டுக்கென்று வைத்திருக்கவில்லை. லேசாக வலித்தாலும் பாதிப் பாட்டில் எழுந்து வந்துவிடுவேன், நீங்கள் கோபிக்கக் கூடாது. இது இருக்கிற வரைக்கும், அவள் எந்த முறை சொல்லிக் கூப்பிட்டாலும், ‘என்னம்மா’ என்று கேட்க இந்த வீட்டில் ஆள் உண்டு.

உங்கள் மகளுக்கு மாமனார்,
இன்று காலையிலிருந்து அதற்கும் கொஞ்சம் மேலே,
உங்கள் சம்பந்தி
முத்தையா
தாராவி