ஐந்து காலி நாற்காலிகள்

மார்ச் 9, ஞாயிறு

பெரியக்காவை நேற்று ஓட்டலில் விருந்து வைத்து வழியனுப்பிவிட்டோம். எங்கள் சூப்பர் மார்க்கெட்டின் மூத்த கேஷியர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் பில் போடக் கற்றுக்கொடுத்தவர். விருந்து நன்றாகத்தான் இருந்தது. அக்கா அழுதார், நாங்களும் அழுதோம். ஆனால் என் கண் முழுக்க மேசைக் கடைசியில் இருந்த ஐந்து காலி நாற்காலிகள் மேல்தான். ‘சொன்ன தலைக்குக் காசு, வந்த தலைக்கு இல்லை’ என்று ஓட்டல்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல், வீட்டில் இவர் வண்டி டயருக்கு எடுத்து வைத்திருந்த பணத்தைக் கட்டிவிட்டேன்.

இவர் திட்டவில்லை. “யாரு உன்ன முன்னாடி போய் நிக்கச் சொன்னா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 10, திங்கள்

திங்கள் என்றால் மதியத்தோடு கடை அடைத்துவிடுவோம். விருந்து இன்றைக்குத்தான் இருந்திருக்க வேண்டும். பெரியக்கா தன் மகனுடைய ஊருக்குப் போகும் நாள் முன்னால் வந்துவிட்டதால் சனிக்கிழமைக்கு மாற்றினேன். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டபோது எல்லோரும் கட்டை விரல் காட்டினார்கள், அந்த ஐந்து பேரும்தான்! இப்போது கேட்டால் “வர முடியலக்கா” என்று ஒரே பாட்டு.

குரூப்பிலேயே எழுதிவிட்டேன்: ‘வராதவர்களும் தங்கள் பங்கைத் தர வேண்டும். வர முடியாவிட்டால் முன்பே சொல்லும் மரியாதை வேண்டும்.’ அந்த ‘மரியாதை’ கொஞ்சம் அதிகமோ? அழிக்கலாமா என்று பார்ப்பதற்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள்.

மார்ச் 12, புதன்

மழை. திருப்பத்தில் இவர் வண்டி சறுக்கியிருக்கிறது. “ஒண்ணும் ஆகல” என்கிறார். பேன்ட் முட்டியில் கிழிசல்.

மார்ச் 14, வெள்ளி

நான்கு பேர் பணம் தந்துவிட்டார்கள். சரக்கு இறக்கும் பாடகர் – எந்நேரமும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார் – இன்று ஒரு வார்த்தை பேசாமல் நோட்டுகளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். இவ்வளவு சுலபமாக வசூலாகும் என்று நான் நினைக்கவே இல்லை. மாலையில் டயர் மாற்றியாயிற்று.

பாக்கி வாத்து மட்டும்தான். காய்கறித் தராசில் நிற்கும் பெண். ஆடி ஆடி வேகமாக நடப்பாள், அதனால் அந்தப் பெயர். “சம்பளம் வந்ததும் தர்றேங்க்கா” என்றாள். மற்றவர்களுக்கு மட்டும் சம்பளம் வந்துவிட்டதா என்ன?

மார்ச் 16, ஞாயிறு

அடுத்த வார ஷிப்ட் சார்ட் போட்டேன். யார் எந்தக் கவுண்டர், யார் காலை, யார் இரவு கடை அடைப்பது எல்லாம் என் கையில்தான். வாத்தை வாரம் முழுக்க ரிட்டர்ன் கவுண்டரில் போட்டிருக்கிறேன். வாங்கிய சாமானைத் திருப்பித் தர வருகிறவர்கள் கத்துவதற்கென்றே இருக்கும் இடம் அது. முறைப்படி அவளுடைய முறைதான்.

பொய். யாரிடம் சொல்கிறேன் இந்தப் பொய்யை? முறைப்படி அது அடுத்த மாதம்.

மார்ச் 19, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மதியம் ஒருவர் வாணலியைக் கொண்டுவந்து வாத்தின் முன்னால் டமாரென்று போட்டார். பில் இல்லை, அடி வேறு கருகிக் கிடந்தது. அவர் கத்த, இவள் “சார்… சார்…” என்று நின்றாள். நான் போய்ச் சமாளித்து அனுப்பினேன். அவர் போனதும் வாத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினாள்.

“பாடகர் அண்ணன்கிட்ட கடன் வாங்கினேங்க்கா. அடுத்த வாரமாவது என்னத் தராசுக்கே மாத்திடுங்க.”

நான் அதைக் கை நீட்டி வாங்கினேன். வாங்கிவிட்டுக் கேட்கிறேன், பெரிய நியாயஸ்தி மாதிரி: “அன்னைக்கு நீ வந்திருந்தா இந்தப் பேச்சே இல்லையே? ஏம்மா வரல?”

“கடைய யாருக்கா அடைக்கிறது?”

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள். “எங்க அஞ்சு பேருக்கும் அன்னைக்கு நைட் க்ளோசிங். நீங்கதானே போட்டிருந்தீங்க. கணக்கு முடிச்சிட்டு ஓடித்தான் வந்தோம். அங்க நாற்காலியெல்லாம் கவுத்து வச்சிட்டாங்க.”

விருந்தை மாற்றினேன். சார்ட்டை மாற்றவில்லை. எனக்கு இரவு ஷிப்ட் கிடையாது. சார்ட் போடுகிறவள் ஆயிற்றே, அந்தச் சலுகையை நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன். நான் சீவிச் சிங்காரித்துக் கிளம்பும்போது கடையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே ஆட்கள் இருப்பார்கள் என்றுகூடத் தோன்றவில்லையே!

“ஏன் யாருமே சொல்லல?” என்றேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

மார்ச் 20, வியாழன்

மரியாதை வேண்டும் என்று எழுதினேனே.

மார்ச் 22, சனி

குரூப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எல்லோரும் கட்டை விரல் காட்டினார்கள். எனக்குப் பயந்தும் அதையேதான் காட்டியிருப்பார்கள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சம்பளம். ஐந்து பங்கையும் உறையில் போட்டு எடுத்துப் போனேன். “ஒரு மாசம் இறுக்கிப் புடிச்சா போச்சு” என்று சொல்லி இவர்தான் உறைகளை ஒட்டிக் கொடுத்தார். டயர் மட்டும் புதிதாக, கருகருவென்று நிற்கிறது. பின்னால் உட்காரவே கூசுகிறது.

வாத்து வாங்கிக்கொண்டாள். மற்ற மூவரும் தயங்கித் தயங்கி வாங்கினார்கள். பாடகர்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அதெல்லாம் வேணாம்மா. சார்ட்ல கொஞ்சம் பாத்துப் போடுங்க, போதும்.”

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கெஞ்சினார். என்னைவிட வயதில் எவ்வளவு பெரியவர். உறையை அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டு ஓடிவந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

புது சார்ட். ரிட்டர்ன் கவுண்டரிலும் சனிக்கிழமை க்ளோசிங்கிலும் என் பெயர். மேனேஜர் “என்ன, ஏதாவது வேண்டுதலா?” என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று சனி, என் க்ளோசிங். கணக்கு முடித்துப் பூட்டும்போது கால் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. அந்த ஐந்து பேரும் இப்படித்தானே முடித்துவிட்டு ஓடியிருப்பார்கள்.

இன்று ரிட்டர்ன் கவுண்டரில் இருந்தபோது வாத்து ஆடி ஆடி வந்து ஒரு சின்ன டப்பாவை வைத்தாள். திறந்தால் கேக், ஓரத்துத் துண்டு. பாடகருக்குப் பேத்தி பிறந்ததை நேற்று இரவு கொண்டாடினார்களாம். எனக்கு ஒன்றுமே தெரியாது. வேறு குரூப் ஒன்று இருக்கிறது போலிருக்கிறது.

“உங்களுக்கு க்ளோசிங் இருந்துச்சுல்ல, அதாங்க்கா கூப்பிடல.”

பர்ஸை எடுத்தேன். “என் பங்கு எவ்வளவு?”

வாத்து சிரித்தாள். நல்ல சிரிப்புதான், குத்தல் எதுவும் இல்லை.

“வராதவங்ககிட்ட நாங்க வாங்கறதில்லங்க்கா.”