எங்கள் வாசலில் இறங்கிய கூடை

"ஏன் பாப்பா, கையத் தூக்க மாட்டியா?" என்று நீங்கள் கேட்டபோது எனக்குப் பத்து வயது. இன்று காலை, இப்போது நான் குடியிருக்கும் மூலக்குளத்தில், எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரப் பெண் வண்டியை நிறுத்தி ஐஸ் பெட்டியைத் திறந்தாள். மீன் வாசத்தோடு உங்கள் குரலும் வந்துவிட்டது.

எழுபதுகளில் நீங்கள் மீனவர் ஊரான தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கூடையைத் தலையில் சுமந்து வருவீர்கள். நிறைந்த கூடையைத் தனியாக இறக்க முடியாது. வாங்குகிற வீட்டில் யாராவது ஒரு கை பிடிக்க வேண்டும். அன்று நான்தான் வந்தேன். நீங்கள் குனிந்தும் என் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை.

"மாடிப்படில வுழுந்துட்டேன்" என்றேன்.

"உங்களுது கூரை வூடு. எந்த மாடிடி?"

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. அம்மா ஓடிவந்து கூடையை இறக்கினாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். அவள் மீனைப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு அப்பா வேலை செய்த ஆலையின் சங்கு ஊதும். அப்பா வந்து சேரக் கால் மணி நேரம். அதற்குள் செருப்புகளை நேராக வைப்பேன், பானையை மூடுவேன், பாயைச் சுருட்டுவேன். எதையோ மறந்துவிடுவதால்தான் அவர் பெல்ட்டைக் கழற்றுகிறார் என்று நம்பினேன். தப்பான கணக்கில் பிழை எங்கே என்று தேடும் பிள்ளையைப் போல, தினமும் என்னிடமே பிழையைத் தேடினேன். தெருவில் எல்லோருக்கும் சத்தம் கேட்கும். "பெத்தவன் அடிக்கிறான்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

மறுநாள் சங்கு ஊதும்போது நீங்கள் எங்கள் வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்தீர்கள். அந்த வெயிலில் மீன் கெட்டுவிடும் என்று உங்களுக்குத் தெரியாதா? அப்பா வந்தார்.

"என் வூட்டு வாசல்ல உனக்கு என்ன வேலை?"

"தெருவுலதாம்பா ஒக்காந்திருக்கேன். ஆனா ஒண்ணு, நான் கூவி விக்கிறவ. உள்ள புள்ள சத்தம் கேட்டுச்சுன்னா நாலு தெருவுக்கும் கேக்கிற மாதிரி கூவுவேன்."

அப்பா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அந்தக் கோடை முழுக்க நீங்கள் வந்தீர்கள். அடி முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால் அவருக்கு உங்கள் தொண்டைமேல் பயம் வந்துவிட்டது. ஒருநாள் செதில் உரசிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "நீ ஒண்ணும் தப்பு பண்ணல பாப்பா." அதுவரை எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை.

முப்பத்தைந்து வருடம் ஆசிரியையாக வகுப்பில் நின்றேன். வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மடித்துவிட மறுத்த பிள்ளைகள், யாராவது கையை ஓங்கினால் கண்ணை இறுக்கிக்கொண்ட பிள்ளைகள், எத்தனையோ பேரிடம் உங்கள் வாக்கியத்தை அப்படியே சொன்னேன். சிலருடைய வீட்டுக்கும் போனேன். அந்தத் துணிச்சல் நீங்கள் கொடுத்தது. நீங்கள் உயிரோடு இருந்தபோது நன்றி சொல்லத் தெரியாமல் போயிற்று, இப்போது சொல்கிறேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அடிபடும் சத்தம் கேட்டால், எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள்.