கலையாத படுக்கை

ஜூலை 18, வெள்ளி

காலையிலிருந்து காற்று. மழை இல்லை. பள்ளிக்கூடக் கூரைத் தகரம் இரண்டாம் பாடம் முழுக்கத் தடதடத்தது. ஐந்தாம் வகுப்புக்குக் கத்திக் கத்தித் தொண்டை போயிற்று.

இரண்டு மணிக்கு வீடு. அம்மா புறப்பட்டுத் தயாராக இருந்தாள். இரண்டு இரவு ஓட்டலில் தங்குவதற்கு அவள் கட்டிய பையில்:

ரொட்டி, பன்னிரண்டு.
மிளகாய் இடித்த கட்டச் சம்பல், போத்தலில்.
பிளாஸ்க்.
திருநீறு.
வீட்டுப் போர்வை.

போர்வை எதற்கு என்றேன். "அங்க யாரு படுத்த துணியோ."

அப்பா வரவில்லை. மாட்டைக் காரணம் காட்டினார். "பதுளையில போயி எதுக்கு தங்கணும்? பஸ் ஏறுனா ஒரு மணித்தியாலத்துல வீடு. கிறுக்குப் புடிச்ச குடும்பம்." சொல்லிக்கொண்டே பையை பஸ் நிற்கும் இடம் வரை தூக்கி வந்தார்.

எழுதிவிடுகிறேன். தங்கச்சி நிரோ அந்த ஓட்டலில் சேர்ந்து ஒரு வருடம். வருடம் முடித்தவர்களின் வீட்டாரை அழைத்து இரண்டு இரவு தங்கவைப்பது அங்கே வழக்கம். கொழும்பு, கண்டி, காலி என்று பல ஊர்களில் கிளை உள்ள ஓட்டல். நிரோவை இப்போது கொழும்புக் கிளைக்குக் கேட்கிறார்கள், ஒரு படி மேலே. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். அம்மா சரி என்று சொல்லாமல் போகமாட்டேன் என்கிறாள்.

அம்மாவுக்குத் தெரிந்தது: நிரோவுக்கு வாசலில் கவுண்டர் வேலை.
உண்மை: நிரோ அறை சுத்தம் செய்கிறாள். கட்டில், தரை, குளியலறை, கக்கூஸ்.

கவுண்டர் என்று முதலில் சொன்னது நான்தான். அம்மா பதினொரு வயதில் கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு விடப்பட்டவள். மூன்று வருடம். அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறாள். "குசினி மேசைக்குக் கீழ படுப்பேன். நின்னுக்கிட்டே சாப்பிடுவேன்." கொஞ்சம் பொறுத்து: "என் புள்ளைங்க அடுத்தவன் வீட்டைக் கூட்டக் கூடாது." அதைக் கேட்ட பிறகு நான் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

ஆடி முதல் வெள்ளி. டவுனில் இறங்கியதும் கோயில். பிறகு ஓட்டல், மூன்றாம் மாடி. கதவைத் திறக்கும் அட்டையைச் சுவரில் ஒரு பிளவில் செருகினால்தான் வெளிச்சம். அம்மா அதை எடுத்துப் பத்திரமாக மணிபர்சில் வைத்தாள். எல்லாம் அணைந்தது. "கரண்ட் போயிருச்சு. டவுன்லயுமா?" மூன்று தடவை.

தேயிலைப் பை ஒன்றைப் பிய்த்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். "தூசி." ஆனாலும் குடித்தாள், இரண்டு கோப்பை.

ஆறு மணிக்கு நிரோ சுடிதாரில் வந்தாள். அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, இளைத்துவிட்டாய் என்றாள். நடைவழியில் நிரோ என்னிடம்: "ஞாயித்துக்கிழமை பஸ் ஏறுற நேரம் உண்மையச் சொல்லிரலாம்க்கா. கத்துறதுக்கு நேரம் இருக்காது."

நல்ல திட்டம். ஜன்னலுக்கு வெளியே மலைகள். எந்த மடிப்பில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள், என்று தேடினேன். தெரியவில்லை.

ஜூலை 19, சனி

காற்று குறையவில்லை. வெயில்.

நாலரைக்குத் தண்ணீர்ச் சத்தம். பெரட்டு நாளில் எழுகிற நேரத்துக்கே அம்மா எழுந்துவிட்டாள். ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்ப இங்கே யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். ஆறு மணிக்கு என்னையும் எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

அவள் செய்தவை: இரண்டு கட்டில்களும் சுருக்கமில்லாமல் விரித்தது. குளியலறையைக் கழுவித் துணியால் துடைத்தது. துவாய்களைக் காயவைத்து, வந்தபோது இருந்த மடிப்பிலேயே மடித்தது. சோப்பை மறுபடி அதன் பெட்டிக்குள் வைத்தது. பை, செருப்பு எல்லாம் அலுமாரிக்குள். "நாம போனப்புறம் யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது."

கீழே சாப்பாடு. இடியப்பம், பாற்சோறு, பெயர் தெரியாத பத்து வகை. அம்மா தன் ரொட்டியை மடியிலிருந்து எடுத்தாள். அவர்களுடைய பருப்பைத் தொட்டுச் சாப்பிட்டாள்.

திரும்பி வந்தால் எங்கள் அறைக்கதவு திறந்திருக்கிறது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் மாடிப் பொறுப்பாளர் மாலனி அக்கா, ஐம்பது வயதுச் சிங்களப் பெண். மற்றவள் நிரோ. சாம்பல் நிறச் சீருடை, கையில் துடைக்கும் துணி. வெளியே அவளுடைய தள்ளுவண்டி.

நடந்தது இதுதான். காலையில் அறை செய்ய வந்த பெண் எட்டிப் பார்த்திருக்கிறாள். கட்டில் கலையவில்லை, துவாய் நனையவில்லை, சோப்பு பெட்டியில், பையும் இல்லை. இந்த அறையில் ஆளே தங்கவில்லை என்று எழுதிவிட்டாள். சரிபார்க்க மாலனி அக்கா வந்திருக்கிறார். அதே மாடியில் வேலையாக இருந்த நிரோவையும் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது.

மாலனி அக்கா: "அம்மா, நேத்து தூங்க இல்லையா? பெட் அப்படியே இருக்கு!"

அம்மா: "தூங்குனேங்க. நான்தான் விரிச்சேன்."

மாலனி அக்கா விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தார். மெத்தைக்கு அடியில் மடிப்பைத் தடவினார். நிரோவைப் பார்த்துச் சிரித்தார். "நிரோஷா, ஒங்க அம்மாவா? இப்ப தெரியுது, இந்தக் கை எங்க இருந்து வந்தது. நம்ம ஓட்டல்ல இவ மாதிரி யாரும் பெட் செய்ய மாட்டாங்க, அம்மா."

இவ்வளவு நல்ல வார்த்தை இவ்வளவு மோசமான நேரத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

அவர் போனார். அம்மா நிரோவின் சீருடையை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"கவுண்டர் எங்கடி?"

நிரோ கையிலிருந்த துணியை மடித்தாள்.

"ஒங்க அக்காவுக்குத் தெரியுமா?"

நிரோ என்னைப் பார்த்தாள். நான், "தெரியும். நான்தான் அப்படிச் சொன்னேன்" என்றேன்.

அம்மா அலுமாரியைத் திறந்து போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த போர்வை. "கெளம்புறோம். மூணு பேரும்." பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. புத்தகத்தில் ஒரே பக்கத்தை ஆறு தடவை படித்தேன். அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுடைய கோபத்துக்குப் பயந்துதான் சொன்னேன்.

நாலு மணிக்கு வேலை முடிந்து நிரோ சீருடையிலேயே வந்தாள். அது எனக்குப் பிடித்தது. அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"பதிமூணு ரூம்மா. சில நாள் பதினாலு."

"யாரு பாரம் பாக்குறது?" தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்ப்பதைத்தான் பாரம் பார்ப்பது என்போம்.

"மாலனி அக்கா வந்து பாப்பாங்க."

"ஏசுவாங்களா?"

"தப்புன்னா சொல்லுவாங்க. கத்த மாட்டாங்க."

"கை வைப்பாங்களா யாரும்?"

"இல்லம்மா. வச்சா நான் சும்மா இருப்பேனா?"

கீழே பஸ் நிலையத்தில் யாரோ பண்டாரவளை, பண்டாரவளை என்று கத்திக்கொண்டிருந்தான்.

"எங்க சாப்புடுற?"

நிரோ அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்க, காட்டுறேன்."

பின்படிக்கட்டு வழியாக மூன்று மாடி இறங்கினோம். வேலையாட்கள் சாப்பிடும் அறை. நீளமான மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி. கழுத்துப்பட்டி கட்டிய மேனேஜர் ஒருவர் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் தோட்டம் பராமரிப்பவர், எதிரே மாலனி அக்கா. அம்மாவைக் கண்டதும் மாலனி அக்கா தள்ளி உட்கார்ந்து நாற்காலியைத் தட்டினார். "வாங்க அம்மா, இருங்க."

அம்மா அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் உட்கார்ந்தாள்.

நிரோ தட்டில் சோறு போட்டாள். பலாக்காய்க் கறி, கருவாடு. அம்மா சாப்பிட்டாள். மறுசோறும் கேட்டாள். மேனேஜர் உப்பு போதுமா என்று சிங்களத்தில் கேட்டார். அம்மாவின் பதிலும் சிங்களத்தில், தடங்கலில்லாமல் வந்தது. அந்தச் சிங்களம் எங்கே படித்தது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அதை நான் கேட்டது இதுவே முதல் தடவை.

மேலே வந்து பையைக் கட்டிலிலிருந்து இறக்கிவைத்தாள். கொழும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

இன்றைக்கு நன்றி: வெந்நீருக்கு. மாலனி அக்காவுக்கு. அந்த நாற்காலிக்கு.

ஜூலை 20, ஞாயிறு

காற்று நின்றிருக்கிறது.

நாலரைக்கு அம்மாவுக்கு முழிப்பு. மூச்சிலேயே தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தபடி. உடம்புக்கு ஏதாவதா என்றேன்.

"ஒண்ணுமில்ல. படுத்திருக்கேன்."

நான் கட்டிலை விரிக்கப் போனேன். "விடு அதை."

ஒன்பதுக்குக் கதவில் தட்டல். நிரோ, வண்டியோடு. அம்மா எழுந்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். போர்வை தரையில், தலையணை ஒரு பக்கம். அம்மாவின் படுக்கை அப்படிக் கிடந்து நான் பார்த்ததில்லை.

நிரோ விரிப்பை உதறினாள். அது காற்றில் நிறைந்து இறங்கியது. இரண்டு இழுப்பு, மூலை, மடிப்பு. கொழுந்து பறிக்கும்போது அம்மாவின் கை போகும் அதே வேகம். தலையணை உறை போடும்போது அம்மா பாதி எழுந்தாள். கை நீண்டது. பின் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

நிரோ சிரித்தாள். "என்னம்மா, வாங்களேன்."

"நான் விரிச்சா உன் பேரு போயிரும்."

தோட்டத்தில் ஒரு நாள் வேலை நம் கணக்கில் ஏறுவதைத்தான் பேர் என்போம். அம்மா யாருடைய பேரிலும் கை வைத்ததில்லை.

நிரோ தலையணையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

பஸ்ஸில் நல்ல இடம். பதினோராவது ரொட்டியும் பன்னிரண்டாவது ரொட்டியும் அப்பாவுக்கு. பசறைக்கு இந்தப் பக்கம் அம்மா கேட்டாள், "கொழும்புல அவ படுக்குறதுக்கு?"

"விடுதி இருக்காம். ஆளுக்கு ஒரு கட்டிலாம்."

சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டாள்.

ஜூலை 21, திங்கள்

மூடுபனி. எட்டு மணிக்குப் பள்ளி. இரண்டாம் தவணைப் புள்ளிகள் இன்னும் போடவில்லை.

ஐந்தரைக்குத் தண்ணீர் பிடிக்கப் பீலியடிக்குப் போனோம். அடுத்த லயத்துப் பார்வதி அக்கா குடத்தை நிரப்பிக்கொண்டே: "ஓட்டல்ல தூங்குன மகராணியா வர்றது? சின்னவ கவுண்டர்ல ஜோரா நிக்கிறாளா?"

நான் என் குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்தேன்.

"கவுண்டரெல்லாம் இல்ல" என்றாள் அம்மா. "ரூமு அடுக்குறா. ஒரு நாளைக்குப் பதினாலு. அந்த ஓட்டல்லயே அவ கைதான் நல்ல கையாம், அங்க உள்ள அம்மா சொன்னாங்க. அடுத்தாப்புல கொழும்புக்குப் போறா."

"கொழும்புக்கா? விடுறியா நீ?"

"நாந்தான் கொண்டுபோய் விடுறேன்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அம்மா கொழும்பை விட்டு வந்து எத்தனை வருடம் என்று வழியெல்லாம் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். நிரோவுக்குச் செய்தி அனுப்பினேன்: சரி என்று சொல்லு.

இதை எழுதுவது மறுபடி பாயில் வந்து கிடந்தபடி. ஏழு ஆகிறது. பெரட்டுக்குப் புறப்பட்ட அம்மா வாசலிலிருந்து திரும்பி வந்து என் போர்வையை இழுத்தாள்.

"எந்திரிச்சுப் பாயிபடுக்கையைச் சுருட்டுடி. இது என்ன ஓட்டலா?"