வண்டி ஆடவில்லை

இன்று பாகலூர் சாலை டயர் கடையில் நின்றிருந்தேன். புது டயரின் வாசனையும் டயரை வீலில் ஏற்றத் தடவுகிற சோப்பின் வாசனையும் சேர்ந்து வந்தபோது, நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோலவே இருந்தது. வேலை பார்த்தவர் வீலைக் கழற்றித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பெனி வீல் இல்லியே அக்கா இது? ஆனா அப்படியே அச்சா உக்காந்திருக்கு. யாரு பாத்து எடுத்தது?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர்" என்றேன். பாதிப் பொய்தான். அளந்தது நான். ஆனாலும் அந்தப் பெருமை உங்களுக்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளைக் காரை நீங்கள் மூன்றாவது கையாக வாங்கி வந்த அன்று நான் உங்களோடு பேசவில்லை. இரண்டு பேரும் சிப்காட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள். நமக்கு எதற்கு மிதித்தால் பறக்கிற கார் என்று கோபம். நீங்கள் சாவியை என் கையில் கொடுத்து, "ஓட்டிப் பாரு புள்ள, பெறவு திட்டு" என்றீர்கள். சூளகிரி வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். திட்ட மறந்துபோனேன்.

அப்புறம் அந்தத் தங்க நிற அலாய் வீல்கள். பெங்களூரில் பழைய வீல் விற்கிற ஒருவர், "எல்லா வண்டிக்கும் ஆகுத்தே சார்" என்று கன்னடமும் தமிழுமாக, பொருந்தும் என்று உறுதி சொல்லிக் கொடுத்த நான்கு. ஐந்து போல்ட்டும் துளையில் சரியாக ஏறிவிட்டன. உங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம். எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடியது. திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசிக் கரகரத்தது.

"என்னங்க சத்தம் அது?"

"பாட்டுப் போட்டா கேக்காது" என்று பாட்டை வைத்தீர்கள்.

திரும்பும்போது ஐம்பதைத் தாண்டாமல் வந்தோம். லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. வீட்டுக்கு வந்ததும் நான் அளவெடுக்கிற வெர்னியரை எடுத்தேன். பாகங்களை அளந்து, சேராததை ஒதுக்குவதுதானே கம்பெனியில் என் வேலை. வீல் மாட்டுகிற ஹப்பின் நடுவில் துருத்தி நிற்கும் வட்டத்தை அளந்தேன், ஐம்பத்தேழு மில்லிமீட்டர். வீலின் நடுத்துளை அறுபத்தாறுக்கும் மேல். வீல் ஹப்பில் உட்காரவே இல்லை, வெறும் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு, இருக்கவேண்டிய இடத்தைவிட விரற்கடை அளவு வெளியே தள்ளி நின்றது.

"பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நான் இவ்வளவு அளவு பாக்கலியே" என்றீர்கள்.

"பாத்திருந்தா தப்பிச்சிருப்பீங்க. கழட்டுங்க."

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள். நாலாம் நாள் நீங்களாகவே வந்து, "அந்த நம்பரையெல்லாம் ஒருக்கா சொல்லு" என்றீர்கள். போல்ட் வட்டம், நடுத்துளை, வீல் உள்ளே வெளியே நிற்கிற கணக்கான ஆஃப்செட் மூன்றையும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தீர்கள். அப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! கன்னடத்தில் பேரம் பேச நான், டிக்கியில் வெர்னியர், வழியில் சாப்பிட எலுமிச்சைச் சாதம். "ஆகுத்தே" என்று யாராவது ஆரம்பித்தாலே நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிடுவோம். பேரிகை ஊரில் இருக்கும் எங்கள் அப்பா, "மாப்ளைக்கு இன்னும் சக்கரம் கிடைக்கலியா?" என்று போனில் தெலுங்கில் விசாரிக்கிற அளவுக்கு அது குடும்பச் செய்தியாகிவிட்டது.

கடைசியில் அத்திபெலேயில் ஒரு வீட்டு வாசலில் கிடைத்தது. சாம்பல் நிறம், ஒன்றில் கீறல் வேறு. உங்கள் முகம் வாடிவிட்டது. நான் குனிந்து அளந்துவிட்டு நிமிர்ந்தபோது என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டீர்கள். வீட்டில் மாட்டியபோது முதல் வீல் ஹப்பில் வழுக்கிப் போய் 'டக்' என்று நின்றது. "உக்காந்துருச்சு புள்ள" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். அன்று மாலை கிருஷ்ணகிரி சாலையில் நூறில் போனோம். ஸ்டியரிங்கில் ஒரு துளி நடுக்கம் இல்லை.

நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்து, "மறுபடியும் ஆடுது" என்றீர்கள்.

அன்று மாலையே போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்தேன். பேலன்சிங் பார்க்க வைத்தேன், எல்லாம் சரி. கோணல் இருக்கிறதா என்று ஒவ்வொரு வீலையும் சுற்றிவிட்டு அளந்தேன், இல்லை. "நீயே ஓட்டிப் பாரு" என்றீர்கள். ஓட்டினேன். எண்பது, தொண்ணூறு, நூறு. வண்டி தண்ணீரில் போகிற மாதிரிப் போனது. இடது சீட்டில் இருந்த உங்களைத் திரும்பிப் பார்த்தேன். தொடைமேல் வைத்திருந்த உங்கள் வலது கை ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன, ஆடுதா?"

"லேசா ஆடுற மாதிரிதாங்க இருக்கு. திங்கக்கிழமை வேற கடையில காட்டலாம்" என்றேன்.

நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினால்கூட ஒதுக்கிவிடுகிறவள், அன்று வாய் கூசாமல் சொன்னேன். திங்கட்கிழமை காலையில், "வண்டி ஆடலைங்க. உங்க கைதான் ஆடுது. டாக்டர்கிட்ட போலாம்" என்றேன். நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை.

தலைக்குள் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சை, மருந்து என்று ஒன்றரை வருடம். பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் நான்தான் ஓட்டினேன். நீங்கள் இடது சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவீர்கள். "மூணாவது கியர் போடு புள்ள, இஞ்சின் அழுவுது பாரு." நான் அழுவதை மட்டும் கவனிக்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள்.

பேச்சு குழறத் தொடங்கிய பிறகு ஒருநாள், கெலவரப்பள்ளி அணைப் பக்கம் வண்டியை நிறுத்தியிருந்தோம். மதகுக்குக் கீழே நுரை பொங்கிக்கொண்டிருந்தது. நீங்களாகவே மெதுவாக ஆரம்பித்தீர்கள்.

"அன்னைக்கு நீ ஓட்டுனப்பவே எனக்குத் தெரியும். வண்டி ஆடல."

நான் உங்கள் பக்கம் திரும்பினேன்.

"நீ பொய் சொன்ன. சரி, இவளுக்கு ரெண்டு நாள் வேணும்போலன்னு நானும் விட்டுட்டேன்."

உங்களுக்காகச் சொன்ன பொய் என்று நினைத்துத்தான் அதுவரை அந்தக் குற்றத்தைச் சுமந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதை இரண்டு நாள் தள்ளிவிட்டோமே என்று எத்தனை முறை என்னை நானே கடிந்துகொண்டிருக்கிறேன். நீங்களோ அந்த இரண்டு நாளை எனக்குக் கொடுத்ததாக வைத்திருந்தீர்கள்.

நீங்கள் போய் இரண்டாவது வருடம் இது. காரைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், கொடுப்பதாக இல்லை. தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் நான் வைத்திருப்பது காரை அல்ல. அந்த வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இருந்த சனியும் ஞாயிறும்தான். சனிக்கிழமை நீங்கள் கறி எடுத்து வந்து நீங்களே குழம்பு வைத்தீர்கள். எங்கள் ஊர்க் காரம் உங்களுக்கு என்றைக்குமே போதாது. ஞாயிறு காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைக் கழுவினீர்கள். சன்னலில் நின்று நான் பார்ப்பது தெரிந்ததும் குழாயை என் பக்கம் திருப்பினீர்கள். சேலையெல்லாம் நனைந்து, நான் கத்திக்கொண்டே வெளியே ஓடி வந்தேன்.