இத்தா முடிந்த பிறகும்

ஆகஸ்ட் 14, 2024, புதன்

இத்தாவில் இன்று எழுபத்து மூன்றாவது நாள். அஸ்கர் மச்சான் குவைத்தில் மவுத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆனதிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். தலைமையாசிரியை பெனிட்டா மிஸ் போன் செய்தார். புருஷன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்று ஜூனில் நான் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறார்.

"அக்டோபர்ல வந்துருவீங்கள்ல நிஷா மிஸ்? அதுவரைக்கும் ஏழாவது கணக்க நானே பாத்துக்கிறேன். உங்க எடத்துக்கு வேற ஆள் போடல."

வந்துவிடுவேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

அழுகையே வரவில்லை. மச்சானின் அக்கா ஜொஹரா மச்சி, துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் என் பொறுமையைப் புகழ்கிறார். "எவ்ளோ சபூரு பாருங்க எங்க நிஷாவுக்கு!" பொறுமையாவது! உள்ளே ஆளே இல்லை. அது யாருக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

பதினான்கு வருஷக் கல்யாணத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது இருபத்தொரு மாதம். தனியாக இருந்து பழகியவள்தானே என்று நினைக்கிறார்கள். தினமும் சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவர் போன் வரும். இப்போது யோசித்தால், அவரிடம் சொல்வதற்காகத்தான் பகலெல்லாம் ஓடியிருக்கிறேன் போலிருக்கிறது. பிள்ளைகள் போட்ட தப்புக் கணக்கு, பஸ் ஸ்டாண்டில் செருப்பு அறுந்தது, மகள் இஃபாத் முதன்முதலாகத் தோசை சுட்டது, எல்லாவற்றையும் சாயங்காலத்துக்கு எடுத்து வைப்பேன். அவர் "ம்... அப்பறம்?" என்பார்.

இப்போது அந்த அப்புறம் இல்லை. குளிப்பதற்கே ஒரு காரணம் தேட வேண்டியிருக்கிறது. எதற்காக எழுந்திருக்க?

செப்டம்பர் 17, செவ்வாய்

நான்கு நாளாகத் தலை சீவவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

போனில் மன அழுத்தம் பற்றி ஒன்பது கேள்விகள். தூக்கம், பசி, எதிலாவது ஆசை... ஏழுக்கு ஆமாம் போட்டேன். பரீட்சையில் இவ்வளவு எடுத்தால் கைதட்டுவார்கள். கீழே, மருத்துவரைப் பாருங்கள் என்று இருந்தது. இத்தாவில் இருக்கிறவள் எப்படிப் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வைத்தியத்துக்குப் போகலாம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அக்டோபர் 10, வியாழன்

இத்தா முடிந்தது. ஜொஹரா மச்சி குளிக்கச் சொல்லி, இளநீலத்தில் புதுப்புடவை கட்டிவிட்டார். துஆ ஓதினார்கள், பிரியாணி ஆக்கினார்கள். இஃபாத் கையைப் பிடித்து இழுத்தாள். "உம்மா, வாங்க, பீச்சுக்குப் போவோம்."

வாசல் வரை போனேன். தெருவில் நல்ல வெயில். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கால் படியில் இறங்கவில்லை. பயமா? பயமென்றால்கூடப் பரவாயில்லை. எதற்கு என்று தோன்றியது, அவ்வளவுதான். தலை சுற்றுகிறது என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

நாளைக்கு வருகிறீர்களா என்று பெனிட்டா மிஸ் கேட்டார்.

"பிறைக் கணக்குல வித்தியாசம் வந்துருச்சு மிஸ். இன்னும் கொஞ்ச நாள் இருக்கு."

தானாக வாயில் வந்துவிட்டது. கணக்கு டீச்சர் சொல்லும் கணக்கை யார் சந்தேகப்படுவார்கள்? மச்சியிடம், பள்ளியில் ஜனவரியில் வரச் சொன்னார்கள் என்றேன். இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். எவ்வளவு நாளாயிற்று!

அக்டோபர் 24, வியாழன்

"பெனிட்டா மிஸ் ஸ்கூல்ல என்கிட்ட கேட்டாங்க உம்மா. என்ன சொல்ல?"

"இன்னும் முடியலன்னு சொல்லு."

"அன்னைக்குப் பிரியாணிலாம் சாப்ட்டோமே?"

நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சீ, என்ன பொம்பள நான்! பன்னெண்டு வயசுப் புள்ளய பொய் சொல்ல அனுப்புறேன். அவ வாப்பா இருந்தா என் மூஞ்சியப் பாப்பாரா? நாளைக்கு நானே போகணும். புடவையக் கட்டிக்கிட்டு நேரா அவங்க ரூமுக்குப் போயி சொல்லிடணும் —

அக்டோபர் 25, வெள்ளி

போகவில்லை.

நவம்பர் 28, வியாழன்

மழையால் பள்ளிகளுக்கு விடுமுறை. ஊரே வீட்டுக்குள் இருக்கிறது. இன்றைக்கு மட்டும் நான் எல்லோரையும் போல இருந்தேன்.

ஜனவரி 6, 2025, திங்கள்

என் இடத்துக்கு அல்லி என்று ஒரு மிஸ் வந்துவிட்டார். இஃபாத்தின் ஏழாம் வகுப்புக்கு இனி அவர்தான் வகுப்பாசிரியை. பெனிட்டா மிஸ் போன் செய்தார். "என்னால முடிஞ்சவரைக்கும் பாத்தேன் நிஷா மிஸ். மனசுல வச்சுக்காதீங்க." குரலில் கோபமே இல்லை. திட்டியிருக்கலாம். அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

டிபன் பாக்ஸைக் கழுவலாம் என்று இஃபாத்தின் பையைத் திறந்தேன். உள்ளே ஒரு தாள். நாளைக்குப் பெற்றோர் கூட்டம், வர முடியாதவர்கள் காரணம் எழுதி அனுப்பவும் என்று அல்லி மிஸ் கேட்டிருக்கிறார். கீழே இஃபாத் எழுதியிருந்தாள்: "நான் இத்தாவில் இருப்பதால் வர இயலவில்லை." அதன் கீழே அமீர் நிஷா என்று என் கையெழுத்து. நான் போட்டதைப் போலவே இருந்தது.

என்னிடம் அவள் கேட்கவே இல்லை.

"இஃபாத்" என்று கூப்பிட்டேன். அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா வர்றேன் உம்மா. நீங்க படுங்க."

தாளை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படுத்தேன்.